இன்சுலினோடு ஹம்பிக்கு: கார் ஃபிரிட்ஜ் வாங்கி நான் பட்ட பாடு

போன ஏப்ரல் கடைசியில் அப்பாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டிலிருந்து ஹம்பிக்குக் காரில் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் வண்டி ஓட்டுவது, வழி பார்ப்பது, சாப்பாடு, மருந்து எல்லாம் என் தலையில்தான். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஜயநகரத்தைப் பாடம் நடத்தியவர், ஒரு தடவைகூட அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. வயது 71, பதினைந்து வருடமாகச் சர்க்கரை, காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வெயில் காலத்தில் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் மகனுக்குப் பள்ளி லீவு அப்போதுதான். சரி, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டால் போதும், மற்றதைச் சமாளித்துவிடலாம் என்று கிளம்பினேன். அந்த ஒரு விஷயத்திலேயே கோட்டை விட்டேன். யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆன்லைனில் தேடி, 8 லிட்டர் கார் ஃபிரிட்ஜ் ஒன்றை 6,499 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் ஐஸ் கட்டி, குளிர்பானம், பனித்துளி எல்லாம் இருந்தது. கூலிங், வார்மிங் இரண்டும் செய்யும் என்று போட்டிருந்ததைப் பெரிய வசதியாக நினைத்தேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஒரே பெட்டி குளிரவும் வைக்கும், சூடும் பண்ணும் என்றால் பெரும்பாலும் அதற்குள் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் கிடையாது. உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கும், மின்சாரம் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் பக்கமும் மாறிவிடும், அவ்வளவுதான் அந்த வார்மிங். 1834இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதி, அதனால் பெல்டியர் கூலர் என்பார்கள், பெட்டியில் தெர்மோஎலக்ட்ரிக் என்று போட்டிருக்கும். பழுதான பொருளெல்லாம் இல்லை, அதனால் முடிந்ததை அது செய்கிறது. ஆனால் அதனால் முடிவது வெளியே இருக்கும் சூட்டைவிட 15, மிஞ்சிப்போனால் 20 டிகிரி குறைப்பது மட்டும்தான். ஊட்டியில் வெளியே 20 இருந்தால் உள்ளே 4, 5 வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சர்வ சாதாரணமாக 50 டிகிரி ஏறும், அப்போது உள்ளே 30க்குக் கீழே வராது. இந்த விவரம் என் பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் பொடி எழுத்தில் இருந்தது, ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன்.

இரண்டாவது தப்பையும் வீட்டிலேயே செய்துவிட்டேன். என் காரில் முன்பக்கம் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் சாவியை அணைத்தால் கரண்டும் நின்றுவிடும். கோவில் பார்க்க இறங்கினால் பெட்டி நின்றுபோகுமே என்று, பக்கத்தில் வயரிங் வேலை பார்க்கும் ஒருவரிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து நேராக டிக்கிக்கு ஒரு சாக்கெட் இழுத்துக்கொண்டேன். 900 ரூபாய். மெல்லிசு வயர், நடுவில் ஃபியூஸும் இல்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, சேலம், பெங்களூர், தும்கூர் வழியாக மத்தியானம் இரண்டரைக்குச் சித்ரதுர்கா சேர்ந்தோம். மூன்றரை மணிக்குக் கோட்டை பார்க்கப் போனோம். ஹைதர் அலியின் படை கள்ள வழியாகப் புகுந்தபோது உலக்கையோடு நின்ற ஓபவ்வா கதையை அப்பா அந்தப் பாறை இடுக்குக்கு முன்னாலேயே நின்று பேரனுக்குச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஆறு மணிக்குத் திரும்பி வந்து டிக்கியைத் திறந்தபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் தன் சாக்லேட்டை எடுத்துப் பிரித்தான். உறைக்குள் அது கூழாகிக் கிடந்தது, விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. சாக்லேட் உருகவேண்டும் என்றால் 30 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். அதே பெட்டியில், அதே பைக்குள், ஒரு விரற்கடை தள்ளி அப்பாவின் மூன்று இன்சுலின் பேனாக்களும் (பேனா வடிவில் வரும் ஊசி மருந்து) இருந்தன. நான் பார்த்தேன், மனசுக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் விளக்கு எரிகிறதே, இத்தனை நேரம் நிறுத்தியிருந்ததால்தான் இப்படி, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். தயவுசெய்து விளக்கை நம்பாதீர்கள். கரண்டு வருகிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு. 200 ரூபாய்க்கு வயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, முனையை மருந்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு எண்ணை வெளியே பார்க்கலாம். அன்றைக்கு அது ஒன்று கையில் இருந்திருந்தால் சித்ரதுர்காவில் தங்கிய லாட்ஜிலேயே விஷயம் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஹம்பி. விட்டலர் கோவிலுக்குக் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில்தான் போகவேண்டும், நிழலில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, மறுபடி மூன்று மணி நேரம் வெயில். சாயங்காலம் ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஆனெகுந்திப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். வாழைத்தோப்பும் பாறையுமாக அருமையான இடம், கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். கூடாரத்துக்குள் பிளக் கிடையாது, அதனால் பத்து மணிக்குப் பெட்டியைக் காரிலேயே ஓடவிட்டுவிட்டுப் படுத்தோம். அப்பா ராத்திரி நாலைந்து முறை எழுந்து போனார். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார், அதனால்தான் என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட மனசு கஷ்டமாக இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு "கண்ணு, நாக்கு வறண்டு போவுது, கால் நடுங்குது" என்று எழுப்பினார். குத்திப் பார்த்தால் சர்க்கரை 368. கையில் இருந்த பேனாவிலேயே வழக்கமான அளவைப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 351. பயம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. மகன் அழ ஆரம்பித்தான். மொழி தெரியாத ஊரில், தோப்புக்கு நடுவில், அப்பா பாறையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்க, நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கணக்கு ரொம்ப எளிது, முன்னாடியே போட்டிருக்கலாம். அந்தப் பெட்டி 48 வாட். 12ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். பெல்டியர் பெட்டிகளில் பெரும்பாலானவை குளிர்ந்ததும் நிற்பதில்லை, ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பத்திலிருந்து ஆறு மணி வரை மட்டும் பார்த்தாலே எட்டு மணி நேரம், 32 ஆம்பியர்-மணி. என் காரில் இருந்ததோ 35 ஆம்பியர்-மணி (ஏஹெச்) பேட்டரி, அதுவும் மூன்று வருடம் ஆனது. கார் பேட்டரி ஒரு நொடி வேகமாக உதைத்து இன்ஜினைக் கிளப்பச் செய்தது, அதைப் பாதிக்குக் கீழே வடியவிட்டாலே ஆயுள் குறையும், முழுசாக வடிந்தால் பழைய பேட்டரி பெரும்பாலும் திரும்பி எழாது. தோட்டத்துக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவே இல்லை, "அஜ்ஜாவை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா" என்று கையைக் காட்டினார், அவர் கன்னடம் எனக்கு அதுவரைக்கும் புரிந்தது. பெட்டி வாங்குகிறீர்களோ இல்லையோ, கெட்டியான ஒரு செட் ஜம்பர் கேபிள் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள்.

கங்காவதியில் ஒரு டாக்டர் அப்பாவைச் சாயங்காலம் வரை படுக்கவைத்து, சலைன் ஏற்றி, புது இன்சுலின் போட்டு 190க்கு இறக்கினார். நான் கொண்டுபோன மூன்று பேனாவையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் இப்படிச் சூட்டில் கிடந்ததை இனிப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்பா போடுவது கலப்பு இன்சுலின், அது எப்போதும் பால் மாதிரிதான் இருக்கும். கட்டி கட்டியாகத் திரிந்திருந்தால் கண்டிப்பாகக் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திரியாமலேயே வீரியம் போயிருக்கலாம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். போட ஆரம்பித்த பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம், மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே வைத்திருக்கும் தாளில் எழுதியிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் 30க்குக் கீழே இருக்கும் "வெளியே" எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டி 6,499, வயரிங் 900, கங்காவதியில் புது பேட்டரி 4,600, இரண்டு புதுப் பேனா 1,500, ஆஸ்பத்திரி 2,300, அடுத்துப் போவதாக இருந்த பாதாமியில் கட்டிய அட்வான்ஸ் 5,000 போயே போச்சு. மொத்தம் 20,799. அப்பா பாதாமி குகைகளைப் பார்க்காமலே வீடு திரும்பினார். வழி நெடுக "பரவால்ல கண்ணு" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார், அதுதான் இன்னும் வலித்தது. இதே காசோடு இன்னும் மூவாயிரம் சேர்த்திருந்தால் முதலிலேயே கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வந்திருக்கும்.

ஜூலையில் அதைத்தான் வாங்கினேன், 18 லிட்டர், 23,500 ரூபாய். இந்த முறை ஒரு மாதம் விசாரித்தேன். கம்ப்ரசரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: பின்பக்க லேபிளைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஆர்134ஏ, ஆர்600ஏ என்று கேஸ் பெயர் போட்டிருந்தால் அது நிஜமான ஃபிரிட்ஜ், வீட்டில் இருப்பதைப் போலவே வேலை செய்யும், வெளியே 43 டிகிரி என்றாலும் உள்ளே 4க்குக் கொண்டுவரும், கேட்டால் மைனஸ் 18க்கும் போகும். பெல்டியர் பெட்டியில் கேஸ் கிடையாது, அதனால் அந்த வரியே இருக்காது. கம்ப்ரசர் யாருடையது என்றும் கேளுங்கள். முன்னால் டான்ஃபாஸ் என்று வந்து இப்போது செகாப் என்று வருவது நீண்ட காலமாகப் படகுகளிலும் வேன்களிலும் ஓடிப் பெயர் வாங்கியது, விலையும் அதற்கேற்ப எகிறும், என்னால் முடியவில்லை. நான் வாங்கியது சாதாரணம்தான், ஆனால் கெட்டுப்போனால் பார்க்க கோயம்புத்தூரில் ஆள் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காசு கட்டினேன். எல்பிஜி கேஸை எரித்து ஓடும் இன்னொரு வகையும் இருக்கிறது, சத்தமே வராது, ஆனால் அது சமதளமாக நின்றால்தான் குளிரும், காருக்குள் எரிக்கவும் கூடாது, நமக்கு வேண்டாம்.

அளவு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். இரண்டு மூன்று பேருக்கு மருந்து, பால், தயிர், நாலு பாட்டில் தண்ணீர் என்றால் 15 முதல் 20 லிட்டர் போதும். தினமும் சமைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றும் குடும்பத்துக்கு 35, 40 வேண்டும், ஆனால் அது சாமானோடு சேர்ந்தால் ஒருத்தி தூக்குகிற எடை இல்லை. என் 18 லிட்டர் பெட்டியே காலியாக 9 கிலோ. வாங்கும் முன் டிக்கியை டேப் வைத்து அளந்துவிடுங்கள், மூடி மேல்நோக்கித் திறக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையும் சேர்த்து. காற்று வெளியேறும் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். அங்கே போர்வையைச் சொருகினால் பெட்டி தன் சூட்டிலேயே வேகும்.

பெட்டி வந்ததும் நிமிர்த்தி வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் காரில் போட்டேன். அந்தப் பழைய சாக்கெட்டில்தான். ஐந்து நிமிஷம் ஓடியது, திரையில் எரர் வந்து நின்றது. மறுபடி போட்டால் மறுபடி நின்றது. மறுபடியும் ஏமாந்துவிட்டோம் என்று நெஞ்சு அடைத்துப்போய் அதைத் திருப்பி அனுப்பவே தயாரானேன். கடைசியில் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரி முனையில் 12.5 வோல்ட், பெட்டி ஓடும்போது டிக்கி சாக்கெட்டில் 11.3. மெல்லிசு வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது, பேட்டரி வடிந்துவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானாக நின்றுகொள்கிறது. "ஃபிரிட்ஜ் சரியாத்தான் இருக்குதுங்க, இந்த வயர்தான் ஆகாது, ஃபியூஸ் இல்லாம இத்தன நாள் தீப்பிடிக்காம இருந்ததே பெருசு" என்றார். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸும் வைத்துக் கொடுத்தார். 2,200 ரூபாய், அதற்கப்புறம் ஒரு தடவைகூட எரர் வரவில்லை. ஃபியூஸ் பேட்டரிப் பக்கம்தான் இருக்கவேண்டும், டிக்கிப் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசினால் காப்பாற்றாது.

அந்தத் தானாக நிற்கிற வசதியைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை இருக்கும். கார் பேட்டரியில் ஓட்டினால் ஹையில் வையுங்கள், அப்போதுதான் வண்டி கிளம்பும் அளவு மிச்சம் இருக்கும்போதே நிற்கும். எனக்கு வந்தபோது லோவில் இருந்தது. ராத்திரிக்கு நான் கார் பேட்டரியைத் தொடுவதே இல்லை. 12.8 வோல்ட், 20 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை, பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) உள்ளே வைத்தது, சார்ஜரோடு 7,000க்குத் தனியாக வாங்கிவிட்டேன். 256 வாட்-மணி. கம்ப்ரசர் 45 வாட் இழுத்தாலும் ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது, அதனால் விடிகிற வரைக்கும் தாராளமாகத் தாங்குகிறது. அந்த பேட்டரியில் ஓடும்போது மட்டும் லோவுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை மருந்து கொண்டுபோகிறவர்கள் மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் குளிராமல் போகும் பயத்தைவிட, அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் பயம்தான் அதிகம். வீட்டில் 3 டிகிரி வைத்து, வெறும் தண்ணீர் பாட்டிலை மட்டும் அடியில் போட்டு ஒரு ராத்திரி சோதித்தேன். காலையில் எடுத்தால் சுவரைத் தொட்டிருந்த பக்கம் முழுக்க ஐஸ், தெர்மாமீட்டர் அடியில் மைனஸ் 1 காட்டியது, மேல்தட்டில் 5. திரையில் அப்போதும் 3தான். சென்சார் இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் அது காட்டும். இன்சுலின் ஒரு தடவை உறைந்தால் முடிந்தது, உருகினாலும் போடக்கூடாது. அன்றைக்கு அங்கே பேனா இருந்திருந்தால் மறுபடி அதே கதைதான். இப்போது 6இல் வைக்கிறேன், பேனாக்களைப் பருத்தித் துண்டில் சுற்றி ஒரு டிபன் டப்பாவுக்குள் போட்டு, அதை நடுவில், சுவரையும் ஐஸ் பாட்டிலையும் தொடாமல் வைக்கிறேன். பட்டன் லாக் போடுகிறேன், பையன் கை பட்டு ஒரு தடவை மைனஸ் 10க்குப் போயிருந்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வீட்டுக் கரண்டில் போட்டு, உள்ளே வைக்கும் தண்ணீர், பால் எல்லாவற்றையும் குளிரவைத்தே ஏற்றுகிறேன். சூடான பாட்டில்களைக் குளிரவைக்கத்தான் பேட்டரி பாதி போகிறது.

இரண்டு நாள் பயணம், ராத்திரி தங்குமிடத்தில் ஃபிரிட்ஜ் உண்டு என்றால் இதெல்லாம் வாங்கவே வேண்டாம். நல்ல ஐஸ் பாக்ஸில் ஜெல் பாக்கெட் நாலு, மேலே தடித்த துண்டு, அதற்கு மேல் மருந்து டப்பா, ஒரு பகல் தாங்கும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் இன்சுலின் பையும் இருக்கிறது, மண்பானை மாதிரி ஆவியாகிக் குளிர்விப்பது, காற்று உலர்ந்த ஊரில் நன்றாக வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. என் காரில் ஃபிரிட்ஜ் இருந்தாலும் ஐஸ் பாக்ஸ் ஒன்று கூடவே வருகிறது, மெஷின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். எல்லாப் பேனாவையும் ஒரே இடத்தில் வைப்பதும் இல்லை, ஒன்று என் கைப்பையில்.

டிசம்பரில் அப்பாவைப் பாதாமிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், சத்தியமங்கலம், திம்பம், மைசூர் வழியாக. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி அசையாமல் இருக்கப் பட்டை போட்டு இறுக்கியிருந்தேன். மேலே ஏறி டீ குடிக்க நிறுத்தியபோது அப்பா தானாகவே டிக்கிப் பக்கம் போய்த் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு "அஞ்சு இருக்குது கண்ணு" என்றார். பெட்டியில் 6 என்று வைத்திருந்ததை நான் ஒன்று கூட்டி 7இல் வைத்தேன், மலைக் குளிருக்கு அது போதும்.